நான் பிடித்த கள்ள வோட்டு

நனைந்த கம்பளியின் மணம் எங்கே எழுந்தாலும் எனக்குக் காது சுடும். பனிக்காலத்துப் பேருந்தில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருடைய கோட்டிலிருக்கும் பனி மெல்ல உருகத் தொடங்கினால் போதும், நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். அந்த மணத்துக்குள் ஒரு தேவாலயத்தின் நிலவறை இருக்கிறது. அங்கே இருபத்தெட்டு வயது மேதாவி ஒருத்தி, கொண்டையை இறுக்கி முடிந்து, கையில் அடிமட்டத்தோடு, நகரசபைத் தேர்தலைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு ரொறன்ரோ வந்திருந்தேன். எந்தப் பாடசாலைக்குப் போனாலும் ஒரே கேள்வி: கனடிய அனுபவம் உண்டா? (வேலை தந்தால்தானே அனுபவம் வரும், ஐயா? இதை மனத்துக்குள் மட்டும் கேட்டேன்.) அந்த நாளில்தான் இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர் நகரசபைக்குப் போட்டியிட்டு, எங்கள் கதவைத் தட்டி வாக்குக் கேட்டார். என் கதையைக் கேட்டவர், "தேர்தல் நாளில் என் முகவராக இருந்து உதவுங்கள். சிபாரிசுக் கடிதம் ஒன்று எழுதித் தருகிறேன்" என்றார். ஓர் அதிபரின் கடிதம்! அன்று தெருவிளக்குகளெல்லாம் எனக்காகவே எரிந்தன.

தேர்தலுக்கு முதல்நாள் பின்னேரம் அவர் வீட்டில் முகவர்களான எங்களுக்குத் தேநீர். தலை நிறைய முடி சுருட்டும் குழல்களோடு அவருடைய மனைவி கேக் வெட்டி வெட்டித் தந்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். (சரி, மூன்று.)

முகவரின் வேலை எளிது. வருகிறவர் பெயரைச் சொல்ல, பட்டியலில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆட்சேபிக்கலாம். அந்தக் கடைசி வசனத்தில்தான் என் மனம் போய்க் குந்திக்கொண்டது. ஊரில் தேர்தல் கடமை பார்த்தவள் நான். செத்தவர்கள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து வாக்களித்துவிட்டுப் போனதைக் கண்டவள். கள்ள வோட்டுக்காரரைச் செருப்புச் சத்தத்திலேயே பிடிப்பேன் என்று ஒரு பெருமை.

மறுநாள் பத்து மணிக்கு, வாக்குச்சாவடியாகியிருந்த தேவாலய நிலவறைக்கு ஒரு மூதாட்டி வந்தார். பச்சைக் கோட்டு, இலேசாக நீலம் ஓடிய நரைச்சுருள், சங்கிலி கோத்த கண்ணாடி. பதினொரு மணிக்கு அதே மூதாட்டி வந்து வேறொரு பெயரைச் சொன்னார். எனக்கு மயிர் சிலிர்த்தது. ஆனாலும் பேசவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? பன்னிரண்டுக்கு, வாசல் பனியைச் சப்பாத்தால் உதறிக்கொண்டு, மூன்றாம் முறை வந்து, இன்னொரு பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

எழுந்து நின்றேன். "இவரை வாக்களிக்க விடக்கூடாது! மூன்றாம் தடவை வருகிறார், மூன்றாவது பெயரில்!"

கோப்பிப் பாத்திரம் மட்டும் முணுமுணுத்தது. தேர்தல் அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயம். நான் கணித ஆசிரியை." (அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இன்றுவரை தெரியாது.)

மூதாட்டி கண்ணாடியைக் கழற்றினார். "நேற்றுத்தானே என் கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டாய், பெண்ணே?"

வேட்பாளரின் மனைவி!

கோப்பி மேசையிலிருந்து இன்னும் இரண்டு பச்சைக் கோட்டுகள் திரும்பிப் பார்த்தன. ஒருவர் நெட்டை, மற்றவர் குண்டு. மூவருக்கும் ஒரே ஒற்றுமை, அந்தக் கோட்டை ஒரே மலிவு விற்பனையில் வாங்கியதுதான்.

"என்னை யாரென்று நினைத்தாய்? டொரதி என்றா? அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள்!"

"பதினொன்று" என்றது கோப்பி மேசை.

ஆட்சேபம் வந்தால் சத்தியம் செய்தே ஆக வேண்டுமாம். தன் கணவருக்கு வாக்குப் போட அந்த அம்மாள் பைபிளில் கைவைத்துத் தான் தான்தான் என்று சத்தியம் செய்தார். முழுநேரமும் என்னையே பார்த்துக்கொண்டு செய்தார். ஐந்தாம் மாடி கயானாப் பெண்ணின் பெயரால் என்னைக் கூப்பிட்ட கட்டடக் காவலரிடம், "எங்களிருவரையும் பிரித்தறியத் தெரியாதா?" என்று போன கிழமைதான் நான் சண்டை பிடித்திருந்தேன்.

வீட்டில் என் கணவர் குப்புறக் கிடந்து சிரித்தார். "உண்ட வீட்டுக்காரியையே கள்ளியாக்கிப் போட்டு வந்து நிக்கிறியே அப்பா! இனி உனக்குக் கடிதம் இல்லை, தந்திதான் வரும்."

"நீங்களும் சிரியுங்கோ. நான் இனி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறது?"

"முதல்ல போய் மன்னிப்புக் கேள். கேக்கை மறக்காமல் புகழ்."

அதிபர் தோற்றுப்போனார். சனிக்கிழமை, இறைச்சிக்கடை வரிசையில் அந்த அம்மாளைக் கண்டேன். அன்று பழுப்புக் கோட்டு. இந்த முறை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தேன் என்று எனக்கொரு திருப்தி. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஊரில் தொடங்கி, வேலையில்லாத மாதங்களைச் சொல்லி, கண்ணீரோடு மன்னிப்பில் முடித்தேன். வரிசை எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவரும் கண்கலங்கி, "மனத்தை வருத்தாதே. தவறு செய்யாதவர் யார்?" என்று என் கன்னத்தைத் தட்டினார். வெளியே வந்தபோது பனிகூட எனக்குப் பஞ்சாக விழுந்தது.

அடுத்த கிழமை கடிதம் வந்தது! 'இவர் கடமையில் இருக்கும்போது என் மனைவியால்கூடத் தப்ப முடியாது' என்று அதிபர் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் படித்துச் சிரித்துத்தான் மோர்னிங்சைட் பாடசாலையில் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இன்றும் அங்கேதான் படிப்பிக்கிறேன்.

வேலை உறுதியான அன்று அதிபர் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனேன். கதவைத் திறந்த அந்த அம்மாளிடம், "இறைச்சிக்கடையில் என்னை மன்னித்தீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு..." என்று தொடங்கினேன்.

"எந்த இறைச்சிக்கடை? தேர்தலுக்கு மறுநாள் தொடங்கிக் காய்ச்சல். இரண்டு கிழமை நான் வாசலே தாண்டவில்லை."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர் சட்டென்று புரிந்துகொண்டார். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல மெல்லச் சரிந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் மூச்சு வரவில்லை. எனக்கும்தான். பிறகு கேக் வந்தது.

விடைபெறும்போது அவர் வாசலில் நின்று சொன்னதைத்தான் இன்றைக்கும் நான் சப்பாத்து மாட்டும்போதெல்லாம் கணவரோ மகளோ, இப்போது மருமகன்கூட, சொல்லி அனுப்புகிறார்கள்:

"கவனமாகப் போய் வா. வழியில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடாதே."