மடி அறையும் மகா சாசனமும்

பாரத தேசத்துக்கு அரசியல் சாசனம் எழுதும் தகுதி உலகத்தில் ஒன்பது பேருக்குத்தான் இருந்தது. 1918-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் அந்த ஒன்பது பேரும் கல்கத்தா பவானிபூரில் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தேசம் செய்த பாக்கியம். பகலில் கம்பெனி ஆபீஸ்களில் துரைமாருக்குக் கடிதம் எழுதினார்கள். மாலையில் மாடிக் கூடத்தில் தேசத்துக்குச் சட்டம் எழுதினார்கள். வெள்ளைக்காரன் சீர்திருத்தம் தரப்போகிறான் என்று பத்திரிகைகள் சொல்லிவிட்டன. தரும்போது நம் கையில் ஒன்று தயாராக இருக்க வேண்டாமா?

சபையின் காரியதரிசி ஸ்ரீனிவாசராகவன். சணல் கம்பெனியில் டைப்பிஸ்ட். சபையில் எது நடந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி நிமிஷத்தோடு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுவார். "7-12: தலைவர் தும்மினார்" என்றுகூட ஒரு வரி உண்டு. சரித்திரம் அவரைக் கேட்கும் என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை.

சாசனம் இரண்டு பாகம். முதல் பாகம் 'தனி மனித உரிமைகள்': மீறினால் கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டாம் பாகம் 'பொதுநலக் குறிக்கோள்கள்': அரசு மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த இரண்டையும் சீர்தூக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் சமையற்காரர் நடராஜனின் மனைவி சுப்புலக்ஷ்மி வாசற்படியில் வந்து நின்றாள். ஊரெங்கும் பரவிய புதுக் காய்ச்சலில் நடராஜன் ஐந்து நாளாக அடுக்களைக்குப் பின்னால் கிடந்தார். சமையலை அவள் ஒருத்தியே பார்த்துவந்தாள்.

"அண்ணா, அவருக்கு மூச்சு இழுக்கறது. கீழே தரையெல்லாம் ஒரே ஓதம். காத்தோட்டமா ஒரு எடத்துலே படுக்க வைக்கணும்னு டாக்டர் பாபு சொல்லிட்டார். அந்த மடி அறையை நாலு நாளைக்கு விட்டுக் கொடுக்கப்படாதா?"

வீட்டில் வெயிலும் காற்றும் வரும் ஒரே அறை அது. அங்கத்தினர்கள் துவைத்த வேஷ்டிகள் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தன. குளிக்காதவர்கள் அவற்றைத் தொட்டால் மடி கெட்டுவிடும். மடி கெட்டால் சாப்பாடு கெட்டுவிடும்.

தலைவர் சிவராமகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப நியாயமான கோரிக்கைம்மா. நம்ம ரெண்டாம் பாகத்துலே மூணாவது ஷரத்தே அதுதான். ராகவா, வாசி."

ஸ்ரீனிவாசராகவன் எழுந்து நின்று வாசித்தார்: "நோயாளிகளுக்குக் காற்றோட்டமான இருப்பிடம் அளிக்க அரசு எண்ணம் கொள்ள வேண்டும்."

"அப்போ அழைச்சுண்டு வரட்டுமா?"

"எண்ணம் கொள்ளணும்னுதானே இருக்கு?" என்றார் திருவேங்கடம். அவர் உரிமைகளின் காவலர். "என் வேஷ்டி உலர்ற எடம் என் உரிமை. அது முதல் பாகம்."

"ரெண்டாம் பாகம் எப்போ நடக்கும்?"

"தேசத்துக்குக் கொஞ்சம் சௌகரியம் வந்தப்புறம்."

"அதுவரைக்கும் அவர் இருக்கணுமே அண்ணா."

"7-40: சமையற்காரர் மனைவி உணர்ச்சிவசப்பட்டார்" என்று எழுதினார் ஸ்ரீனிவாசராகவன். முதல் கொடியில் தொங்கியது அவருடைய வேஷ்டிதான். அதை மட்டுமாவது எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காரியதரிசிக்குச் சொந்த அபிப்பிராயம் கூடாது என்பதால் பேனாவைத் துடைத்து வைத்தார். விஷயம் உப கமிட்டிக்குப் போயிற்று. உப கமிட்டி மூன்று மாலை கூடி, பிரச்னை ஆழமானது என்று கண்டுபிடித்தது.

நாலாம் நாள் காலையில் அடுப்பு எரியவில்லை. விடியும்போதே சுப்புலக்ஷ்மி புருஷனை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மீன் சமைக்கும் வீடு! அந்த வீட்டு வங்காளி அம்மாளை அவள் அவர்கள் வழக்கப்படி 'பௌதி', அதாவது அண்ணி, என்று அழைப்பாள். பௌதிக்கு முதல் பாகமும் தெரியாது, இரண்டாம் பாகமும் தெரியாது. தன் பிள்ளைகளை அனுப்பித் தூக்கிவரச் சொல்லி, தாழ்வாரத்தில் கட்டிலைப் போட்டுவிட்டாள்.

பத்து மணிக்கு ஆபீஸ். ஒன்பது வயிறும் காலி. 8-05க்கு அவசரக் கூட்டம் கூடியது.

"உரிமைன்னா அதுக்கு ஒரு எல்லை வேண்டாமா?" என்று முழங்கினார் திருவேங்கடம். "அவ இஷ்டத்துக்கு அடுப்பை அணைச்சுட்டுப் போயிடறதா? ஒன்பது பேர் பட்டினி கெடக்கறோமே, இது பொதுநலம் இல்லையா?"

தேசம் சௌகரியமாகும்வரை காத்திருந்த பொதுநலம் 8-15க்கு முதல் பாகத்துக்கு ஏகமனதாக மாற்றப்பட்டது. கொஞ்சம் விவாதித்துவிட்டு, மடி அறையை நடராஜனுக்கு விட்டுவிடத் தீர்மானித்தார்கள். ஒன்பது பேரும் குளிக்காமலேயே உள்ளே போய்ப் பத்தே நிமிஷத்தில் வேஷ்டிகளைச் சுருட்டினார்கள். வானம் அதன் இடத்திலேயே இருந்தது.

தீர்மானத்தோடு தெருவைத் தாண்டினார்கள். பௌதி வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே, கட்டிலடியில் சுப்புலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள்.

"அறை தயாரா இருக்கும்மா. நடராஜனை அழைச்சுண்டு வா" என்றார் தலைவர், பெருந்தன்மையோடு.

அவள் தலை நிமிர்ந்தாள். "எட்டு மணிக்கே போயிட்டார் அண்ணா. அங்கே வேஷ்டியே உலரட்டும்."

அன்று மாலை அனுதாபத் தீர்மானம் ஒன்று, எல்லோரும் எழுந்து நிற்க, நிறைவேறியது. பிறகு ஸ்ரீனிவாசராகவன் சுத்தப் பிரதியை நீட்டினார். தலைவரின் விரல் ஒரு வரியில் நின்றது: "8-31 முதல் 8-41 வரை: மடி அறை காலி செய்யப்பட்டது."

"இது எதுக்கு ராகவா? சாசனத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஸ்ரீனிவாசராகவன் காகிதத்தை மறுபடி மெஷினில் ஏற்றி, அந்த வரியை எழுத்து எழுத்தாக அடித்து மறைத்தார்.

சாசனம் இப்போது பூரணமாக இருக்கிறது. உரிமை இருக்கிறது, பொதுநலம் இருக்கிறது, அனுதாபம்கூட இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷம் மட்டும் இல்லை.