இரண்டு கழுதை, பன்னிரண்டு மாடு, வீடு முழுதாக

ரவுண்ட் ராக், டெக்சஸ்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சிவராமகிருஷ்ணன் அவர்களின் சமூகத்திற்கு, சுப்பையன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும், மகிழனும், தங்கள் புதல்வி அஞ்சனாவும், பேத்தி வெண்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் அவ்விதமே இருக்க வேண்டும் என்பதும், இந்தக் கடிதத்தைத் தாங்கள் உட்கார்ந்தபடிதான் படிக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை. தங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு இருக்கிறது. கார் இரண்டும் இருக்கின்றன. தாங்கள் அஞ்சனாவுக்குப் போட்ட நகை ஒரு குண்டுமணி குறையாமல் இருக்கிறது. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வரவும்.

தங்கள் மாப்பிள்ளை ஐ.பி. கொடுத்துவிட்டான்.

நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் மஞ்சள் கடிதாசி. முப்பத்துநான்கு வருஷம் முசிறி கோர்ட்டில் அமீனாவாக இருந்து, அடுத்தவர் வீட்டு அண்டா குண்டாவை ஜப்தி செய்து வண்டியில் ஏற்றியவன் நான்; இன்று என் மகனே கடனாளி என்று கோர்ட்டில் மனுப்போட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை போனதும் அவன் உள்ளரங்கக் கிரிக்கெட் கூடம் ஒன்று ஆரம்பித்தது தங்களுக்குத் தெரியும். திறப்பு விழாவுக்குத் தாங்கள் வாழ்த்துச் செய்தி அனுப்பினீர்கள். பெரிய கிடங்கு ஒன்றை ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுத்து, வலை கட்டி, பந்து வீசும் மிஷின் இரண்டு வாங்கி, இந்த ஊரில் இருக்கும் நம்மவர் பிள்ளைகள் எல்லாம் வந்து ஆடுவார்கள் என்று கணக்குப் போட்டான். ஆடத்தான் ஆடினார்கள். ஆனால் அவனுக்கு வேலை போன மாதிரியே அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கும் போனதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு குடும்பம் சான் ஹோசேக்குப் போனது, ஒன்று நியூ ஜெர்சிக்கு, ஒன்று சென்னைக்கே போய்விட்டது. கடைசியில் மிஷின் மட்டும் பந்து போட்டுக்கொண்டிருந்தது, அடிக்க ஆளில்லை. பயிற்சியாளருக்குச் சம்பளத்தில் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை, அதை மட்டும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் குத்தகைக்குச் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டிருந்தான். கிடங்குக்காரரின் வக்கீல் நோட்டீஸ் வந்தது, கிரெடிட் கார்டுக்காரர்களின் போன் வந்தது, அது காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவன் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அப்பா, பாங்க்ரப்ட்சி ஃபைல் பண்ணப் போறேன்" என்றான். நம் ஊரில் ஐ.பி. கொடுத்தவன் கடைத்தெருவில் தலை காட்டமாட்டான் என்பது தாங்கள் அறியாததல்ல. என் மனைவி ராஜலக்ஷ்மி காலமான பிறகு நான் தனியாக இருக்கக் கூடாதென்று என்னை இங்கே அழைத்து வந்தவன் அவன், இனி நாம் எல்லோரும் எங்கே போய் இருப்போம் என்றுதான் முதலில் தோன்றியது. அதைக் கேட்டேன். அவன் மறுநாளே வக்கீலிடம் என்னையும் கூட்டிப்போனான்.

வக்கீல் ஓர் அம்மாள். பெயர் டோனா, அறுபது வயதிருக்கும், முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். என்னைப் பார்த்து இவர் யார் என்று கேட்டார். கோர்ட்டில் சொத்தை ஜப்தி செய்யும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் என்று மகிழன் சொன்னதும், அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். பிறகு ஒரு பட்டியலை எடுத்து வாசித்தார். சம்பந்தி அவர்களே, நான் என் உத்தியோக காலத்தில் எத்தனையோ பட்டியல் வாசித்தவன். எல்லாம் எதை எடுப்பது என்ற பட்டியல். எதை எடுக்கக் கூடாது என்பதைக் கடனாளிக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, வரிவரியாகப் படித்துக் காட்டி நான் பார்த்ததே கிடையாது.

முதலில் வீடு. குடியிருக்கும் வீட்டைத் தொட முடியாது. எவ்வளவு விலை போகும் வீடானாலும் தொட முடியாது, ஊருக்குள் பத்து ஏக்கர் வரை இருக்கலாமாம். வீட்டுக்கு வாங்கிய கடனை மட்டும் பாங்கிக்கு மாதாமாதம் கட்டிவர வேண்டும். அது அஞ்சனாவின் ஆஸ்பத்திரி லேப் வேலைச் சம்பளத்தில் நடக்கிறது. மற்றக் கடன்காரன் எவனும் வாசற்படி ஏற முடியாது. இந்த டெக்சஸில் வந்து குடியேறியவர்களில் பாதிப் பேர் வேறு ஊரில் கடன்பட்டு ஓடி வந்தவர்கள்தான், அதனால்தான் சட்டம் எழுத உட்கார்ந்தபோது வீட்டுக்கு முதலில் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்து, லைசென்ஸ் உள்ள ஆளுக்கு ஒரு வண்டி. வீட்டுச் சாமான்கள். பரம்பரைப் பொருள்கள். உடுக்கத் துணி, உண்ணத் தானியம், தொழில் கருவிகள், ஓரளவுக்கு நகை. சாமி புத்தகத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாமாம். துப்பாக்கி இரண்டு. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: குதிரையோ கோவேறு கழுதையோ கழுதையோ இரண்டு, ஒவ்வொன்றுக்கும் சேணம், கம்பளி, கடிவாளம் சகிதமாக. மாடு பன்னிரண்டு. ஆடு முதலான இதர கால்நடை அறுபது. கோழி வகையில் நூற்றிருபது. அத்தனைக்கும் வேண்டிய தீவனம். வீட்டில் வளர்க்கும் நாய் பூனை தனி. வீட்டையும் சாமி புத்தகத்தையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சேர்ந்து குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால் போதும்.

கம்பளியை நினைத்துப் பாருங்கள். கடனாளியின் கழுதைக்குக் குளிருமே என்று ஒரு சர்க்கார் கவலைப்பட்டு, அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. எங்களிடம் கழுதை இல்லையே, அதற்குப் பதிலாகப் பந்து வீசும் மிஷினை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னேன். மகிழன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். ஆனால் விளையாட்டுச் சாமானுக்கே அந்தப் பட்டியலில் தனி இடம் இருக்கிறது என்று அந்த அம்மாள் தானாகவே சொன்னார். தாங்கள் கல்யாணத்தில் போட்ட நகையோ பெண்ணுக்குக் கொடுத்த சீர், கடன் மகிழன் பெயரில், அதனால் அது கணக்கிலேயே வராது, இருந்தாலும் பட்டியலில் மறைக்காமல் எழுதிவிடுவோம் என்றார். வீட்டுக்கு வந்து வெண்பாவிடம் இதெல்லாம் சொன்னபோது, அவள் "தாத்தா, கேன் வி கெட் த டாங்கீஸ்?" என்றாள். நியாயமான கேள்வி.

மனுப்போட்ட அன்றைக்கே போன் மணி நின்றது. அது ஓர் ஆச்சரியம். மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது, கோர்ட்டார் ஒரு தாளை அனுப்பியதும் வாயைப் பொத்திக்கொண்டது.

இவ்வளவும் பார்த்த பிறகு நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. ஏன் என்பதைத் தங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். இப்படிப்பட்ட சட்டம் நம்மிடமும் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம், அறுபதாவது பிரிவு. சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில் செய்கிறவனின் கருவி இவற்றை ஜப்தி செய்யக் கூடாது. தொண்ணூற்றொன்றில் ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போனேன். எடுக்க வேறொன்றும் இல்லை. கடனுக்குக் கோர்ட்டில் டிகிரி, அதாவது தீர்ப்பு, வாங்கியவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு தையல் மிஷினைக் காட்டினார். அது கருவி, எடுக்கக் கூடாதென்பது எனக்குத் தெரியும். தையல்காரருக்குத் தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான், நான் வாயைத் திறக்கவில்லை. மிஷினை வண்டியில் ஏற்றும்போது அதில் பாதி தைத்த ஒரு பாவாடை இருந்தது. அந்த மனுஷன் அதை மட்டும் நூலை அறுத்து எடுத்துக்கொண்டார்.

ஆகவே காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், வருகிற அமீனா என்னைப் போன்ற ஆளாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. கோர்ட் நியமித்த டிரஸ்டி என்கிற அதிகாரி செவ்வாய்க்கிழமை விசாரிப்பார் என்றார்கள். திங்கட்கிழமை மத்தியானம், வீட்டில் யாருமில்லாதபோது, கிரிக்கெட் கூடத்திலிருந்து வந்த சக்கரம் வைத்த பையில் அஞ்சனாவின் நகைப் பெட்டி, தங்கள் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு, மகிழனின் மோதிரம் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே இரண்டு காலுறையைப் போட்டு மூடி, நான்கு வீடு தள்ளியிருக்கும் வரதராஜா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் தினம் சேர்ந்து நடப்போம். பையைப் பார்த்து, "என்ன அண்ணை, கிரிக்கெட் விளையாடவோ வாறியள்?" என்றார். இரண்டு நாள் இருக்கட்டும் என்றேன். "நான் ஒண்டும் கேக்கமாட்டன், வையுங்கோ" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினார். வைக்கோல் போரிலும் கிணற்றுப் படிக்கட்டிலும் ஒளித்த சொத்தையெல்லாம் கண்டுபிடித்த அமீனாவாகிய நான், வீட்டுச் சொத்தைப் பல் டாக்டரின் கட்டிலடியில் ஒளித்துவிட்டு, வெயிலில் வியர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. நம் ஊர் ஜப்தி போலத் தமுக்கு இல்லை, தலையாரி இல்லை. சமையலறை மேஜையில் மடிக்கணினி. திரையில் டிரஸ்டி, ஒல்லியான, களைத்த முகமுள்ள மனிதர், ஒரு பெட்டியில் டோனா அம்மாள், ஒரு பெட்டியில் தங்கள் மாப்பிள்ளை. நான் ஓரமாக அடுப்பின் பக்கம் நின்றேன். மகிழன் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான். உன் சொத்து முழுவதையும் பட்டியலில் எழுதியிருக்கிறாயா என்று கேட்டார். ஆம் என்றான். எதையாவது யாருக்காவது மாற்றியோ கொடுத்தோ வைத்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றான். அவன் உண்மையென்று நம்பித்தான் சொன்னான். அதைப் பொய்யாக்கி வைத்திருந்தவன் நான். சத்தியத்தின்மேல் சொத்தை மறைத்தால் ஐ.பி.யே செல்லாது, ஜெயில்வரை போகலாம் என்று டோனா அம்மாள் ஒருமுறை சொன்னது அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது.

நான் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். "மகிழா, நான் சொல்றத அப்படியே அந்த ஐயாகிட்டச் சொல்லு" என்றேன். "நகையும் விளக்கும் மோதிரமும் நேத்து நான்தான் எடுத்துட்டுப் போய் ஒளிச்சு வச்சேன். இவனுக்குத் தெரியாது. என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணட்டும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. ஆனால் ஒரு சொல் விடாமல் சொன்னான். அஞ்சனா கதவருகில் வந்து நின்றாள். டிரஸ்டி தாள்களைப் புரட்டினார். இந்தப் பொருள்கள் பட்டியலில் உள்ளனவா என்று கேட்டார். எல்லாம் வரிசை எண்ணோடு இருக்கின்றன என்றார் டோனா அம்மாள். ஏன் ஒளித்தீர்கள் என்று டிரஸ்டி என்னைக் கேட்டார். நானும் அமீனாவாக இருந்தவன், எடுக்கக் கூடாததை எடுத்தவன், அதனால் பயந்துவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, ஐயா, இன்றைக்கே அவற்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், கொண்டுவந்ததை வக்கீலுக்கு எழுதிக் கொடுங்கள், அவற்றில் ஒன்றைக்கூட எடுத்துப்போக எனக்கு அதிகாரம் கிடையாது, எனக்கு எது கிடையாது என்பதை வாசிப்பதுதான் என் வேலையில் பாதி என்றார். அவ்வளவுதான். பதினோரு நிமிஷம். அடுத்த கடனாளியைக் கூப்பிட்டார்.

மத்தியானமே பையைத் திரும்ப இழுத்து வந்தேன். இந்த முறை மகிழன் கூட வந்தான், பையை அவனே இழுத்தான். வரும் வழியில் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "அப்பா, அந்தத் தையல்காரர் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டான். எனக்கு நினைவில்லை. அது எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

இன்னும் அறுபது நாளில் கடன் தீர்ந்ததென்று கோர்ட்டிலிருந்து தாள் வரும். மகிழனுக்குப் பள்ளிக்கூட நிர்வாகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் பாதிதான். ஆகையால் தாங்கள் கவலைப்பட வேண்டாம், பணம் ஒன்றும் அனுப்ப வேண்டாம், புறப்பட்டு வரவும் வேண்டாம். இதை இதுநாள்வரை தங்களிடம் மறைத்ததற்கு மன்னிக்கவும். சம்பந்தி அம்மாளுக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளவும், அவர்கள் தாங்கமாட்டார்கள்.

தங்கள் குலம் கடனின்றித் தழைக்கவும், தங்கள் ரத்த அழுத்தம் நூற்றுமுப்பதைத் தாண்டாதிருக்கவும் அனுதினமும் வேண்டிக்கொள்ளும்,
தங்கள் சம்பந்தி,
சுப்பையன்
(கோர்ட் அமீனா, ஓய்வு)

பின்குறிப்பு: உறையின்மேல் விலாசத்தை எழுத அஞ்சனாவிடம் கொடுத்தேன். அவள் விலாசத்தை எழுதாமல் கடிதம் முழுவதையும் நின்றபடி படித்துவிட்டு, உள்ளே போய் மனுக் கட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். வக்கீல் கட்டணத்தைச் செலுத்தியது யார் என்று கேட்கும் பக்கம். அதில் தங்கள் பெயர் இருக்கிறது. "அப்பாவுக்கு ஜனவரியிலயே தெரியும் மாமா. அம்மாதான் வளையல வித்துக் குடுத்தாங்க. இது உங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு ரெண்டு பேரும் சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் இருவரும் போனில் மழையைப் பற்றியே பேசிய காரணம் இப்போதுதான் விளங்குகிறது. மேலே எழுதியது அத்தனையும் வீண் என்றாலும், தாள் நிறையச் செலவாகிவிட்டதால் அனுப்புகிறேன். தாங்கள் ஒன்றும் தெரியாதவர் போலவே படிக்கவும், சம்பந்தி அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அவர்கள் வளையல் எத்தனை பவுன் என்பதை மட்டும் தனியாக எழுதித் தெரிவிக்கவும். அந்தக் கடனுக்கு நான் ஐ.பி. கொடுப்பதாக இல்லை.