எதிர்வீட்டு வக்கீலின் ஆயுசு

எதிர்வீட்டு வக்கீலுக்கு ஆயுசு கூடிக்கொண்டே போவதை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

வருஷத்துக்கு ஒருநாள் வக்கீலின் மனைவி விரதம் இருப்பாள். விடிந்ததிலிருந்து நிலா வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. எல்லாம் புருஷன் நீண்ட நாள் வாழவேண்டும் என்பதற்காக. நிலா வந்ததும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டைமாடியில் நின்று சல்லடை வழியாக அதைப் பார்த்து, அதே சல்லடை வழியாக வக்கீல் முகத்தையும் பார்ப்பாள். அவர் கையால் தரும் தண்ணீரைக் குடித்த பிறகுதான் விரதம் முடியும். மறுநாள் வக்கீல் மாடிப்படி இறங்குகிற தோரணை இருக்கிறதே, எமனைக் கேஸில் தோற்கடித்துவிட்டு வருகிறவர் மாதிரி இருக்கும். கடைக்காரருக்கு வயிறு பற்றி எரியும். நம் ஆயுசுக்கு மட்டும் கேட்க நாதியில்லையா?

இந்த வருஷம் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டார்.

“இந்தா, நாளைக்கு நீயும் விரதம் இருக்கணும்.”

“எதுக்கு?”

“என் ஆயுசுக்கு.”

“ஏன், டாக்டர் ஏதாவது சொன்னாரா?”

“சேச்சே! எதிர்வீட்ல இருக்காங்கல்ல?”

“எதிர்வீட்ல கார்கூடத்தான் இருக்கு. முதல்ல அதை வாங்குங்க.”

“விரதத்தோட அர்த்தம் தெரியாம பேசாதே. அது வெறும் பட்டினி இல்லை. ஒருத்தருக்காக நம்ம பசியை விட்டுக்கொடுக்கிறது. வாயைக் கட்டினா மனசு திறக்கும்.”

“வாயைக் கட்டணும்னா நீங்கல்ல முதல்ல இருக்கணும்?”

கடைக்காரர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். “அவளுக்கு அவர் மேல எவ்வளவு பிரியம்! எனக்கு யார் இருக்கா?”

“சரி, இருக்கேன்” என்றாள் மனைவி. இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்றதே கிடையாது. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

“சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க. அந்த வக்கீல்தான் பாவம்.”

“ஏன், என்னவாம்?”

“இந்த வருஷம் பெண்டாட்டிக்காக அவரும் கூடவே விரதமாம். அவ சொல்லிச் சொல்லி உருகுறா.”

வாய்வரை போன கவளம் தட்டுக்கே திரும்பியது. “நானும் இருக்கேன்!”

“வேண்டாங்க, உங்களால முடியாது.”

“அவரால முடியும், என்னால முடியாதா?”

“தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுங்க.”

“குடிச்சா ஏன்னு கேளு!”

மதியத்துக்குள் கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகள் அவருக்கே இரண்டிரண்டாகத் தெரிந்தன. படிக்கும் கண்ணாடி கேட்டு வந்தவருக்கு வெயில் கண்ணாடியை மாட்டிவிட்டு, “இப்போ எழுத்து தெளிவா இருக்கா?” என்று கேட்டார். வந்தவர் வாசல் எது என்று தடவிக்கொண்டு போனார். கடையைச் சாத்திவிட்டு இவரும் வீட்டுக்குத் திரும்பினார்.

வீட்டில் மனைவி இல்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு சாண் திறந்தது. மனைவியின் தலை மட்டும் வெளியே வந்தது.

“விரதக் கதை படிக்கிறோம். ஆம்பளைங்க காதுல விழுந்தா பலன் போயிடும்.”

“ஏதோ வாசனை வருதே?”

“சாமிக்குப் படையல். மூக்கை அந்தப் பக்கம் திருப்புங்க.”

கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஒரே சிரிப்பு. வெறும் வயிற்றோடு என்ன பக்தி என்று உருகியபடி அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே வக்கீல் காய்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்க வீட்ல எழுந்து நிக்கவே முடியல, பாவம்” என்று ஆரம்பித்தார் வக்கீல்.

“எங்க வீட்ல எச்சில்கூட முழுங்கல” என்றார் கடைக்காரர்.

“அவளுக்குக் கண்ணே இருட்டுது.”

“இவளுக்கு இருட்டி முடிஞ்சிடுச்சு.”

இருட்டியதும் நாலு பேரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். வானம் முழுக்க மேகம். ஆண்கள் இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார்கள்.

“உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல பட்டினி?” என்று கடைக்காரர் குத்தலாகக் கேட்டார்.

“நீங்க இருக்கீங்கன்னு கேள்விப்பட்டுத்தான்.”

“நானா? நீங்க இருக்கீங்கன்னுதானே நான்…”

இருவரும் ஒரு நொடி யோசித்தார்கள். அதற்குள் நிலா வந்துவிட்டது.

கடைக்காரர் மனைவி சல்லடையை உயர்த்தினாள். நிலாவைப் பார்த்த கண் மெல்ல அவர் பக்கம் திரும்பியது. கடைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்து எரிச்சலும் அடங்கி, தண்ணீரை அவள் வாயில் ஊற்றினார். உலகத்தில் யார் மேலும் அவருக்குப் பொறாமை இல்லை.

அந்த நேரம் பார்த்து வக்கீல் மனைவி, “தலை சுத்துதுங்க” என்று புருஷன் தோளில் சாய்ந்தாள். வக்கீல் அவளை அப்படியே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். போகிற போக்கில் கடைக்காரரை ஒரு பார்வை வேறு பார்த்தார்.

“எனக்கும் கால் வரலையே” என்றாள் இவர் மனைவி.

கடைக்காரர் விடுவாரா? பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். முதல் வளைவிலேயே மூச்சு முட்டியது.

“நாள் பூரா பட்டினி கிடந்துமா இந்தக் கனம்?”

பதிலாக அவர் காதருகே நீளமாக ஒரு ஏப்பம் வந்தது.

“ஏப்பமா? வெறும் வயித்துலயா?”

“சத்தம் போடாம இறங்குங்க” என்றாள் மனைவி கழுத்தைக் கட்டிக்கொண்டு. “நான் ரெண்டு தட்டுதான் சாப்பிட்டேன். முன்னாடி போறவர் மூணு தட்டைத் தூக்கிட்டுப் போறார்.”