ஆறரை நம்பர் செருப்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு செருப்புக் கடையின் கம்ப்யூட்டரில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்.

அந்தக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவனுக்கு 'நிச்சயம்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "நிச்சயமா" என்பான்.

"ஆறரை நம்பர் கேட்டவங்களுக்கெல்லாம் ஆறு போயிருக்கு. பதினாலு புகார்!" என்றார் முதலாளியம்மா. "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா, நாளையிலேருந்து நீ வரவேண்டாம்."

"நிச்சயமா சரி பண்றேம்மா. ஆர்டர் பட்டியல்ல அளவுக்கான கட்டம் தப்பான வகையா இருக்கும்."

எந்தக் கட்டம் எண், எது எழுத்து, எது தேதி என்று கேட்டுச் சொல்ல, பிஹெச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் பத்து வரி எழுதி ஓட்டினான். "எழுத்து, எழுத்து, எழுத்து" என்றது. ஆர்டர் வந்த தேதியும் எழுத்தாம்! அங்கேயாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமோ? நிச்சயத்துக்கு ஏது சந்தேகம்!

"பிடிச்சிட்டேன்!" என்று அளவை எண்ணாக மாற்றினான். அவசரத்தில் முழு எண்ணாக.

போன் அலறியது. "ஆறரை கேட்டேன், ஏழுன்னு காட்டுதே!" அடுத்தவருக்கு எட்டரை ஒன்பதாகியிருந்தது. பட்டியலில் இருந்த அரைகளெல்லாம் முழுசாகிவிட்டன.

"ஆறு பத்தாதுன்னு இப்போ ஏழா? காலை இழுத்து நீட்டச் சொல்லட்டுமா?" என்றார் முதலாளியம்மா.

"நிச்சயமா வேண்டாம்மா."

பட்டியலுக்கு நேற்று எடுத்து வைத்த நகலைத் திரும்பப் போட்டான். அரைகள் வந்தன, காலையிலிருந்து வந்த பதினொரு ஆர்டர்கள் காணாமல் போயின. பணம் கட்டிய ரசீதிலிருந்து போன் நம்பரைப் பிடித்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடி அளவு கேட்டான்.

"காலையிலேருந்து என் கால் வளரலைப்பா," என்று ஒருவர் போனை வைத்துவிட்டார்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அந்தப் பத்து வரி கட்டத்தைக் கேட்கவே இல்லை. கட்டத்திலிருந்து எடுத்து வந்த சரக்கைக் கேட்டிருக்கிறது. வந்து சேரும்போது அதெல்லாம் எழுத்தாகத்தான் வரும். இந்த முறை பட்டியலையே நேராகக் கேட்டான். அளவு எண்தான், புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கத்தோடு. முதலிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது!

அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். "அம்மா, கம்ப்யூட்டர்ல நிச்சயமா கோளாறு இல்லை. ஆறரை ஆறரையாத்தான் பொட்டலம் கட்டுற அறைக்குப் போகுது."

"அப்போ தப்பு அங்கதான். வா, கேட்டுடலாம்," என்று அவர் முன்னால் நடந்தார்.

பொட்டலம் கட்டும் அக்கா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி நிமிர்ந்தார்.

"ஏன்க்கா, ஆறரைன்னு சீட்டு வந்தா ஆறை வைக்கிறீங்க?"

"அரை நம்பர் நாம தைக்கிறதே இல்லையே, தம்பி. ஆறரை வந்தா ஆறையே வச்சு அனுப்பிடுன்னு அம்மாதானே சொன்னாங்க?"

உங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற எந்தச் செருப்பும் யார் காலையும் கடிக்காமல் இருக்கட்டும், கண்ணுகளா.