மாமா, மலையிலிருந்து வரும் பாட்டிலைக் குடிக்க வேண்டாம்

அன்பும் மரியாதையும் உள்ள கண்ணாயிரம் மாமாவுக்கு,

உங்கள் தங்கை அம்சவள்ளியின் மகள் அபிநயா வணக்கத்துடன் எழுதுவது. கல்வராயன் மலையில் நானும் அம்மாவும் நலம். மூங்கில்துறைப்பட்டில் நீங்களும் பச்சையம்மாள் அத்தையும் நலமாக இருப்பீர்கள். சாயங்காலத்துக்குப் பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சற்றுமுன் போன் செய்தேன். நீங்கள் எடுத்து "யாரு அது?" என்று அதட்டியதும் வைத்துவிட்டேன். அதனால் வாட்ஸ்அப்பில் கடிதமாக அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அம்மா காலை பஸ்ஸில் கண்டக்டர் மாயவன் அண்ணனிடம் உங்களுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறார், சாயங்காலத்துக்குள் வந்து சேரும். உள்ளே இருப்பது பழுப்பாக, கெட்டியாக, பார்க்க சத்துமாவுக் கஞ்சி மாதிரி இருக்கும். கஞ்சி இல்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு வாய்கூட குடிக்கக் கூடாது.

நான் வரவேற்பிலும் அம்மா சமையலிலும் வேலை பார்க்கிற விடுதியில் நேற்று கக்காவோ சடங்கு நடந்தது. கோகோ கொட்டையை அரைத்துத் தண்ணீரில் காய்ச்சி, ஆளுக்கு ஒரு சின்னக் கப் கொடுப்பார்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகக் குடித்து, மனதில் இருப்பதைப் பேசுவார்கள். யாருக்காவது சாமி வரும் என்று அம்மா எதிர்பார்த்தார், வரவில்லை. நடத்துகிறவர் உமைர் அண்ணன், கள்ளக்குறிச்சி மளிகைக்கடைக்காரர் மகன், மிகவும் ஜாக்கிரதையானவர். நெஞ்சு நோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டா, கர்ப்பமா என்று வருகிற எல்லோரையும் கேட்கச் சொல்லியிருக்கிறார். உண்டு என்றால் அவர்களுக்குக் கக்காவோ கிடையாது, சுக்குத் தண்ணீர்தான். அன்றைக்குக் காபி குடிக்கக் கூடாது, வெறும் வயிற்றிலும் வரக் கூடாது. கூச்சத்தில் நான் தலை நிமிராமல் ஒரு பெரியவரிடம் எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டேன். கர்ப்பம் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்த பிறகு அம்மா அடுப்படியில் மீதி இருந்த கக்காவோவை ஒரு சொட்டு நக்கிப் பார்த்திருக்கிறார். கசப்பு. "கரும்பு மில்லுல வேல பாத்தவரு தங்கச்சி நானு, வந்தவங்களுக்கு இத எப்பிடி ஊத்துவேன்" என்று ஒரு உருண்டை வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காயும் போட்டுவிட்டார். போட்டதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிற மாதிரி வாளியும் கரண்டியுமாக வட்டத்துக்குள் போய், காலியான கப்பிலெல்லாம் ஊற்றிக்கினே வந்தது அம்மா. எல்லாரும் கண்ண மூடிக்கினு இருந்தாங்க, உமைர் அண்ணனும்தான். நான் வாசலில் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினேன், உனக்கும் எடுத்து வெச்சிருக்கேன்னு அம்மா சைகை காட்டுது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் கப் வற்றவே இல்லை, இது பெரிய அனுபவம் என்று தேம்பித் தேம்பி அழுதார்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தருக்குக் குமட்டல், இன்னொருத்தருக்குத் தலைவலி, கை நடுக்கம். நான் "கர்ப்பமா?" என்று கேட்ட பெரியவர் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார், உட்காரச் சொன்னால் முடியவில்லை என்கிறார். உமைர் அண்ணன் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார். ஒரு வாலிபருக்கு மட்டும் படபடப்பு அடங்கவில்லை. மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஈசிஜி எடுத்து, சாயங்காலம்வரை வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அவருக்கு நல்ல நெஞ்சு, மாமா. அதனால்தான் உங்களை நினைத்துப் பயப்படுகிறேன்.

திரும்பி வந்து உமைர் அண்ணன் கேட்டார்: "இன்னாம்மா பண்ணீங்க?"

"வெல்லம் போட்டேன் தம்பி. இல்லாங்காட்டி மனுசன் குடிப்பானா?"

"ஜாஸ்தி குடிக்கக் கூடாதுன்னுதான்மா கசப்பாவே வெச்சிருக்கேன்."

"குடிக்கக் கூடாததுக்கு எதுக்குப்பா வட்டமா குந்த வெச்ச?"

உமைர் அண்ணன் வாளியில் மீதி இருந்ததைக் கொட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "காரு போட்டுக்கினு வந்து குடிக்கிறாங்க, எங்கண்ணனுக்கு ஒரு வாய் இல்லாம கொட்டணுமா?" என்று அம்மா அதைப் பாட்டிலில் பிடித்துவிட்டது. பஸ் போன பிறகுதான் எனக்குச் சொன்னது.

ஆகவே மாமா, பாட்டில் வந்ததும் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். நாய்க்கும் ஊற்றாதீர்கள், நாய்க்கு அது விஷம். அம்மா போன் செய்து ருசியைக் கேட்டால் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டும், அதற்கு நீங்கள் திடமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்
அபிநயா

பின்குறிப்பு: அனுப்புவதற்குள் அத்தை போன் செய்தார்கள். பாட்டில் மதியமே வந்துவிட்டதாம். திறந்ததும் வெல்ல வாசனை. சர்க்கரை வியாதிக்காரர் கண்ணில் படக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லாமல் அடுப்படியில் நின்றே முழுப் பாட்டிலையும் அத்தை குடித்துவிட்டார்கள். "பாத்திரம் எல்லாம் துலக்கியாகிவிட்டது, தூக்கம் வரவில்லை, இப்போது பரண்மேல் ஏறி ஒட்டடை அடிக்கிறேன், இன்னொரு பாட்டில் கிடைக்குமா" என்று கேட்கிறார்கள். எனவே மேலே உங்களுக்கு என்று எழுதியதை எல்லாம் அத்தைக்கு என்று வைத்துப் படிக்கவும். தண்ணீர் கொடுங்கள், இன்றைக்குக் காபி வேண்டாம், படபடப்பு அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு முன்னால், அவர்களைப் பரணிலிருந்து இறக்குங்கள்.