லோர்னா ஹாகன் லென்ஸ் பெட்டிப் போர்

“மிஸ் லோர்னா, உங்க கண்ணு ராத்திரி இந்தக் குட்டிப் பெட்டிலயா தூங்கும்?” என்று பள்ளிப் பேருந்தின் முன்னிருக்கையிலிருந்து, ஓட்டுநர் பக்கத்தில் இருந்த கான்டாக்ட் லென்ஸ் பெட்டியைக் காட்டி, ஆறு வயது பிரிட்டா ஒருநாள் கேட்டாள்.

“ஆமா, தண்ணிப் போர்வை போத்திக்கிட்டு.”

“போர்வையத் துவைப்பீங்களா?”

சிக்னல் பச்சையானது; லோர்னா பேருந்தைக் கிளப்பினாள்.

வாழ்க லோர்னா ஹாகன்! டுலூத் நகரின் செங்குத்துச் சாலைகளில், பேரேரிக் காற்று பனியம்பு பொழிய, மஞ்சள் தேர் நடத்தும் சாரதி. நாற்பத்தேழு பிள்ளைகளை ஒருவர் குறையாமல் வீடு சேர்ப்பவள். மூக்குக்கண்ணாடி என்னும் பாரத்தை ஏற்பதில்லை எனப் பதினோராண்டு விரதம் காத்தவள்!

அவ்விரதத்துக்கு ஒரு சிறு குறை இருந்தது. பெட்டியிலுள்ள பழைய திரவத்தைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதை ஊற்றுவாள், சிக்கனம். ஆகவே அந்த இரட்டை அகழிகளில் நுண்ணுயிர்ப் பெரும்படையொன்று குடியேறி, வழவழப்பையே மதிலாக எழுப்பி, குலம் பெருக்கி, மன்னன் இன்றியே செவ்வனே அரசாண்டு, கடலெனப் பொங்கி நாள் பார்த்திருந்தது.

ஜனவரிச் செவ்வாயொன்றின் காலையில், பணிமனைக் குளியலறைக் கண்ணாடி முன் லோர்னா லென்ஸை விரல்நுனியில் ஏந்தி வலக்கண் வாயிலைத் திறந்தாள். முரசின்றி, சங்கின்றி, பளிங்குத் தேரேறி உட்புகுந்தது படை. மதியத்துக்குள் விழி செங்களமாயிற்று; இமை கோட்டைக் கதவென அடைத்துக்கொண்டது; விளக்கொளி வேலாய்த் தைத்தது. அப்போதும் பிள்ளைகளை வீடு சேர்க்கும் மாலை நடைக்கு அவள் சாவியை எடுத்தாள்.

“பதினோரு வருஷமா ஒண்ணும் ஆகல. தூசிதான்” என்று முழங்கினாள்.

மறந்துபோன தெர்மாஸை எடுக்க வந்திருந்தான் சக ஓட்டுநர் கோர்டன். அன்று அவனுக்கு விடுமுறை. ஏரியில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கக் கிளம்பியிருந்தான். “சாவியக் குடு, லோர்னா. பின்னாடி நாப்பத்தேழு பிள்ளைங்க. ஒத்தக் கண்ணால ஓட்ட இது உங்க தாத்தா டிராக்டர் இல்ல.”

மும்முறை மறுத்தாள் வீராங்கனை. நான்காம் முறை அவள் சார்பில் கண்ணீரே பதில் சொல்லிற்று; மீனை விட்டு அவள் தேரைக் கோர்டன் நடத்திப் போனான். ஆண்டவர் துணைப்படை அனுப்பும்போது பெரும்பாலும் தெர்மாஸை மறந்த ஒருவரைத்தான் அனுப்புகிறார்.

கருவிழியில் புண், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பார்வையை மறைக்கும் தழும்பு விழுந்திருக்கும் என்றார் கண் மருத்துவர். மணிக்கொரு சொட்டு மருந்து எழுதித் தந்தார்; பெட்டியைக் குப்பையில் போடச் சொன்னார். மூன்று வாரம் கழித்து மூக்குக்கண்ணாடியோடு தேரேறினாள் லோர்னா. பிரிட்டா அதையே உற்றுப் பார்த்தாள்.

“அன்னிக்குக் கேட்டியே? துவைக்கலம்மா. அதான் விஷயம்” என்றாள் லோர்னா.

கோர்டனிடம் நன்றி சொல்லிப் பார்த்தாள். மீன் ஒன்றும் ஓடிப்போகவில்லை என்று பேச்சை மாற்றிவிட்டான்.

மறுநாள், வடதிசைப் பனிமன்னன் ஏரி கடந்து வந்து, பணிமனைத் தேர்கள் யாவற்றுக்கும் விரற்கடைப் பருமனில் வெண்கவசம் பூட்டி, திசையெட்டும் தன் கொடி நாட்டி வீற்றிருந்த அந்த விடியலில், வேறெவரும் வந்திராத வேளை பார்த்து, லோர்னா கோர்டனுடைய பஸ்ஸின் முன்கண்ணாடியைச் சுரண்டித் துடைத்துவிட்டு, தன் பஸ்ஸுக்குப் போனாள்.