ஃபயர்வாலுக்குப் பூசிய சந்தனம்

பக்தி முற்றி மகளின் வேலையைக் கெடுத்தவன் யாராவது உண்டா என்று கேட்டால், பினாங்கில் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லுங்கள். நான்தான்.

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையின் வாசல் காவலாளி நான். படிப்பு மூன்றாம் படிவம். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பது மட்டும் தெரியும். வீட்டு இணையத்துக்கு அதே வேலையைப் பார்ப்பது ஃபயர்வால் என்று கேள்விப்பட்டதும் ஆசை வந்துவிட்டது. பழைய சாமான் கடையில் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, ஒரு மாதம் திண்டாடி, அதில் லினக்ஸை ஏற்றினேன். இணையம் அதற்குள் புகுந்துதான் வீட்டுக்குள் வரும். உள்ளே விசிறி இல்லை. மேலே இருக்கும் துளைகள் வழியாகச் சூடு வெளியேறும். சத்தமே போடாது. (என் மனைவிக்கு என்னிடம் பிடிக்காத எதுவும் அதனிடம் இல்லை.) சாமி அலமாரியில், முருகன் காலடியில் வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று காலை பத்து மணிக்கு என் மகள் கவிதாவுக்குக் கணினி வழியாக நேர்காணல். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை. எட்டு மாதமாக அதற்காகக் காத்திருந்தாள்.

ஊரே கார், மோட்டார் என்று தன் காடிக்குப் பூஜை போடுகிறது. என் கையால் செய்த கருவி அந்தப் பெட்டி ஒன்றுதான். குளிரக் குளிரச் சந்தனம் பூசினேன். விபூதிப் பட்டை, குங்குமம், மேலே மாலை. ஒரு துளைகூடத் தெரியவில்லை. அவ்வளவு அழகு.

பத்தேகாலுக்கு அறையிலிருந்து கவிதாவின் குரல் வந்தது. "பா, லைன் போச்சு."

பெட்டியைத் தொட்டேன்; விரல் சுட்டது. சந்தனம் அப்பளமாகக் காய்ந்திருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "மூக்க அடைச்சா எதுக்குத்தாங்க மூச்சு வரும்?"

"இரு லா, ஊதிப் பாக்குறேன்."

ஊதினேன். விபூதி முழுவதும் என் கண்ணில். கண் தெரியாமல் தடவி, நல்லாயிருந்த ஒரு கம்பியையும் பிடுங்கிவிட்டேன். அப்படியே முருகன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

கவிதா கைப்பேசியோடு சிக்னல் தேடிப் படிக்கட்டுக்கு ஓடி, அங்கிருந்து மீதியைப் பேசினாள். என்ன ஆயிற்று என்று கேட்டார்களாம். பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்தது நான்தானே. "எங்கப்பா ஃபயர்வாலுக்குப் பூஜ போட்டுட்டாரு" என்றாளாம். சிரித்தார்களாம். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்களாம்.

கூப்பிடவில்லை.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கவிதாவே பல்குச்சியால் துளை துளையாகச் சந்தனத்தைத் தோண்டி எடுத்தாள். பெட்டி பிழைத்தது. ஓராண்டு கழித்து அவளுக்கும் வேலை கிடைத்தது, கடலுக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸில். தினமும் பாலத்தைக் கடக்க வேண்டும். சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தால் படிக்காமலே எனக்குத் தெரியும்:

"பா, பாலத்துல ஜாம். யாரோ சந்தனம் பூசிட்டாங்க."